சூப் ரெடி... தமிழ் எங்கே?

சூப் குடிச்சிருப்பீங்க. புரோகிராம்ல போட்டிருக்கீங்களா? 'பியூட்டிஃபுல் சூப்'னு ஒரு குட்டி பைத்தான் லைப்ரரி. 2004-ல லியனார்ட் ரிச்சர்ட்சன் வெளியிட்டது. 'ஆலிஸ்' கதையில போலி ஆமை பாடுற பாட்டுதான் பேருக்குக் காரணம்!

நம்ம வல்லம் வடகால்ல தயாராகுற ராயல் என்ஃபீல்டு பைக்கை மெக்கானிக் பிரிச்சுப் போடுவார் இல்லையா... அதே மாதிரி இது ஒரு ஹெச்.டி.எம்.எல். பக்கத்தை டேக் டேகா பிரிச்சுடும். மூடாம விட்ட டேக் இருந்தாலும் கோவிச்சுக்காது. 'ஃபைண்ட் ஆல்'னு கேட்டா எல்லா லிங்க்கும் கையில.

சிக்கல் பழைய தமிழ்ப் பக்கங்கள்லதான். 1998 பொங்கலன்னிக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம், திருக்குறள்ல தொடங்கி இலக்கியங்களை வலையேத்துச்சு. முதல்ல டிஸ்கி எழுத்துமுறை. 2004-லதான் யூனிகோடுக்கு மாறினாங்க. பழைய டிஸ்கி ஃபைலை சூப்ல போட்டுப் பாருங்க. டேக் சூப்பரா பிரியும், குறள் மட்டும் கொக்கி கொக்கியா வரும்!

காரணம், டிஸ்கியோட முதல் 128 இடம் ஆங்கிலத்துக்கு. அதனால டேக் தப்பிச்சுது. தமிழ் இருக்குற மேல்பாதியை லைப்ரரி ஐரோப்பிய எழுத்துனு நினைச்சுக்குது. எழுத்துக்கு எழுத்து மாத்தினாலும் போதாது மச்சி. 'பெ'ல டிஸ்கிக்குக் கொம்பு முதல்ல, யூனிகோடுக்கு 'ப' முதல்ல.

முத்து அண்ணாமலை தொடங்கின 'ஓப்பன் தமிழ்' லைப்ரரி இந்த வேலையைச் செய்யுது. மாத்தினப்புறம் சூப்ல போடுங்க. வீட்டுல பழைய சி.டி.யில யாராவது எழுதின டிஸ்கி பக்கம் கிடந்தா, ஒரிஜினலை மட்டும் தொடாம தனியா ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குங்க.