ஒளிவு மறைவு இல்லாமல்... ஒரு தன்பாலீர்ப்பாளனின் விளக்கம்



நான் மூன்றாமாண்டு மின்னியல் மாணவன். ஊர் திண்டுக்கல் பக்கம். ஹாஸ்டல் கிரிக்கெட் டீமில் விக்கெட் கீப்பர். இதுவரை அரியர் இல்லை (கணக்குப் பேப்பரில் மட்டும் மயிரிழையில் தப்பித்தேன்!). இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. நான் தன்பாலீர்ப்பு உள்ளவன். அதாவது 'கே'. ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு இது ஏற்கெனவே தெரியும். மீதிப் பேருக்கு இந்த ஆண்டு மலர் வழியாகத் தெரியட்டும்.

இதைச் சொன்ன நாளிலிருந்து என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் கொஞ்சநஞ்சமல்ல. சிலர் கிண்டலுக்குக் கேட்டார்கள். பலர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்கள். மெஸ்ஸிலும் பஸ்ஸிலும் மெஷின்ஸ் லேபிலும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. எனவே மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

தன்பாலீர்ப்பு என்றால் என்ன?

ஓர் ஆணுக்குப் பெண் மீது காதல் வருவது போலவே, சில ஆண்களுக்கு ஆண்கள் மீதும், சில பெண்களுக்குப் பெண்கள் மீதும் காதல் வருகிறது. இதுவே தன்பாலீர்ப்பு. இரு பாலர் மீதும் ஈர்ப்பு உள்ளவர்களும் உண்டு. இதை யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. நீங்கள் எந்தத் தேதியில் பெண்களை விரும்ப முடிவு செய்தீர்கள் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? என்னாலும் அப்படித்தான் சொல்ல முடியாது.

"அப்ப நீ திருநங்கையா மாறப் போறியாடா?" என்று ஒரு நண்பன் கேட்டான். இல்லை. இரண்டும் வேறு வேறு. திருநங்கை என்பது 'நான் யார்' என்பதைப் பற்றியது. பிறந்தபோது ஆண் என்று குறிக்கப்பட்டவர் தன்னைப் பெண்ணாக உணர்வது அது. தன்பாலீர்ப்பு என்பது 'நான் யாரை விரும்புகிறேன்' என்பதைப் பற்றியது. நான் ஆண்தான், ஆண்களை விரும்பும் ஆண். அவ்வளவே.

இன்னொரு கேள்வியும் உண்டு. கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமலே விட்டவர்கள்தான் அதிகம். "ரூமில் எங்களையும் அப்படிப் பார்ப்பாயா?" நண்பர்களே, நம் வகுப்பில் பதினோரு பெண்கள் படிக்கிறார்கள். பதினோரு பேரையும் நீங்கள் காதலிக்கிறீர்களா? தங்கை மாதிரி, தோழி மாதிரி பழகவில்லையா? அதே கணக்குதான் எனக்கும்.

இது நோயா?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ஆம் ஆண்டிலேயே தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. அந்த நாளைத்தான் இன்றும் பல நாடுகளில் இந்த வெறுப்புக்கு எதிரான நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயல்ல என்று 2018-இல் தெளிவாக அறிவித்தது.

இவ்வளவுக்குப் பிறகும் 'குணப்படுத்துகிறேன்' என்று கிளம்புகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் என் அம்மா பயந்துபோய் என்னை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் மாத்திரை எழுதினார். 'சீக்கிரம் கல்யாணம் பண்ணி வையுங்கள், சரியாகிவிடும்' என்றார். மாத்திரை சாப்பிட்ட இரண்டு வாரமும் வகுப்பில் தூங்கி வழிந்ததுதான் மிச்சம். கல்யாணம் செய்தால் சரியாகும் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?

இப்படிப்பட்ட 'மாற்றுச் சிகிச்சை'யைத் தடை செய்யச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டது. மதுரையிலிருந்து பாதுகாப்புத் தேடிச் சென்னை வந்த இரண்டு பெண்கள் தொடர்ந்த வழக்கு அது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு எழுதும் முன், இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அவ்வளவு பெரிய பொறுப்பில் இருப்பவரே கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது, நாம் கேட்பதில் என்ன வெட்கம்? அதன் தொடர்ச்சியாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல், இத்தகைய சிகிச்சை மருத்துவத் தொழில் நெறிக்கு மாறானது என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்குத் தெரிவித்தது. எனவே, அப்படி மருந்து எழுதும் டாக்டர்மீது புகார் கொடுக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1860-இல் வெள்ளைக்காரர்கள் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, இதை ஆயுள் தண்டனை வரை தரக்கூடிய குற்றமாக வைத்திருந்தது. அதை எழுதியவர்களின் இங்கிலாந்திலேயே 1967-இல் சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். நாம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.

2009 ஜூலை 2 அன்று டில்லி உயர் நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்துத் தனிமையில் வாழ்வது குற்றமல்ல என்றது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து பழைய நிலைக்கே கொண்டுபோனது. மீண்டும் போராட்டம். கடைசியில் 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, இது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கில் மனுதாரர்களாகப் போனவர்களில் ஐஐடிகளில் படித்த, படித்துக்கொண்டிருந்த இருபது பேரும் உண்டு. நம்மைப் போல டிராயிங் போர்டும் கால்குலேட்டருமாக அலைந்தவர்கள்தான்! 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 போன்ற பிரிவே இல்லை.

திருமணம்? அது இன்னும் கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்தது; சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. ஆனால் இணையர்கள் சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் வாரிசுதாரராக நியமிக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் விளக்கம் அளித்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும், குடும்பம் அமைய திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது.

வெளியில் சொல்வது எப்படி?

இந்தப் பகுதி குறிப்பாக ஒருவருக்கு. இதைப் படித்துக்கொண்டே யாராவது பார்க்கிறார்களா என்று பக்கத்தைப் பாதி மூடி வைத்திருக்கும் அந்தத் தம்பிக்கோ தங்கைக்கோ. நீ யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ இருக்கிறாய் என்று தெரியும்.

முதலில், சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எப்போது, யாரிடம், எவ்வளவு என்பது உன் முடிவு. சொல்லவில்லை என்பதால் நீ கோழை ஆகிவிட மாட்டாய்.

இரண்டாவது, பாதுகாப்பைப் பார். ஃபீஸ் கட்டுவது யார், வீட்டை விட்டு வெளியேறச் சொன்னால் எங்கே தங்குவது, கையில் சான்றிதழ்கள் இருக்கின்றனவா என்று யோசி. டிப்ளமோ முடித்து ஒரு வேலையில் சேர்ந்த பிறகு வீட்டில் சொல்வது பலருக்கு நல்லது. நம் படிப்பு மூன்றே வருடத்தில் சோறு போடும் படிப்பு என்பதை மறக்காதே.

மூன்றாவது, முதலில் ஒரே ஒருவரிடம் சொல். வேறு யாருடைய ரகசியத்தையும் உன்னிடம் இதுவரை கொட்டாதவனாகப் பார்த்துத் தேர்ந்தெடு. நான் என் ரூம்மேட்டிடம் சொன்னேன். அவன் ஐந்து நிமிடம் பேசவில்லை. பிறகு, "சரி மச்சான், சாப்பிட்டியா?" என்றான். அந்தக் கேள்விக்கு ஈடாக எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

நான்காவது, சண்டையின் நடுவிலோ பரீட்சைக்கு முந்தின நாளோ சொல்லாதே. கேட்பவர்களுக்கு நேரம் கொடு. நீயே உன்னைப் புரிந்துகொள்ள எத்தனை வருடம் ஆயிற்று? என் அம்மா எட்டு மாதம் கழித்து, "உடம்பைப் பார்த்துக்க, யாரா இருந்தாலும் நல்லவனா இருக்கணும்" என்றார்கள். அப்பா இன்னும் என்னிடம் பேசுவதில்லை. மாதப் பணம் மட்டும் தேதி தவறாமல் வருகிறது. அதையும் ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆதரவு எங்கே?

எலக்ட்ரிக்கல்காரன் என்பதால் ஓர் உதாரணம் சொல்கிறேன். எர்த் இல்லாத மெஷினில் லீக்கேஜ் வந்தால், கரண்ட் தொட்டவன் உடம்பு வழியாகத்தான் இறங்கும். எர்த் கொடுத்தால் ஃபால்ட் வராமல் போகாது. ஆனால் வந்தது மண்ணுக்குப் போய்விடும், ஆள் பிழைப்பான். ஆதரவும் அப்படித்தான். கிண்டலும் ஏச்சும் நிற்காது. ஆனால் அத்தனையும் ஒரே ஆள் வழியாக இறங்காது. மோட்டாருக்கு இரண்டு எர்த் கொடுப்பது போல, நமக்கும் இரண்டு வேண்டும்: பக்கத்தில் ஒரு நண்பன், வெளியில் ஒரு கூட்டம்.

அந்தக் கூட்டம் ஒரே நாளில் உருவானதல்ல. 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் நடந்த முதல் ஊர்வலத்தில் கலந்துகொண்டவர்கள் வெறும் பதினைந்து பேர். சென்னையில் சகோதரன் அமைப்பு 1998 முதலும், ஓரினம் குழு 2003 முதலும் செயல்படுகின்றன. 2009 ஜூனில் சென்னையிலும், 2012-இல் மதுரையிலும் வானவில் விழாக்கள் நடந்தன. மதுரை விழாவுக்கு ஆலன் டூரிங் பெயரை வைத்தார்கள். கம்ப்யூட்டர் துறை நண்பர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். கணினி அறிவியலுக்கு அடித்தளம் போட்ட அவரைத்தான், தன்பாலீர்ப்பாளர் என்று 1952-இல் இங்கிலாந்து தண்டித்தது. 2013-இல் மன்னிப்பு வழங்கி, 2021-இல் ஐம்பது பவுண்டு நோட்டில் அவர் படத்தைப் போட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1954-லேயே இறந்துவிட்டார்.

பெற்றோருக்கும் துணை வேண்டும். 2017-இல் மும்பையில் 'ஸ்வீகார்' என்ற பெற்றோர் குழு தொடங்கியது. என் அம்மாவைப் போல் பயந்துபோன அம்மாவுக்கு, பிள்ளை சொல்வதைவிட இன்னொரு அம்மா சொல்வது சட்டென்று புரியும். மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

நண்பர்கள் என்ன செய்யலாம்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒருவன் நம்பிச் சொன்னதை அடுத்த ரூமில் போய்ச் சொல்லாதீர்கள். அவன் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நடையையும் குரலையும் வைத்து 'ஒம்போது' என்று கூப்பிடுவதை விடுங்கள். அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரிக்கும் கூட்டத்தில் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருப்பவன் உங்கள் உயிர் நண்பனாகவே இருக்கலாம். ராகிங்கைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-லிருந்து இருக்கிறது. பாலீர்ப்பைக் காரணமாக வைத்து ஒரு மாணவனைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் விதியிலேயே எழுதிவிட்டது.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சங்கத்தில் ஏற்கெனவே ராகிங் புகார்ப் பெட்டி இருக்கிறது. பாலீர்ப்பு குறித்த கேலியையும் அதில் எழுதலாம் என்று அடுத்த ஆண்டு நோட்டீஸ் போர்டில் ஒரே ஒரு வரி போடுங்கள். அந்த வரியைப் படித்து ஒரு முதலாமாண்டு மாணவன் டி.சி. வாங்காமல் இருந்தால், அது சங்கத்தின் சாதனைதான்.

இன்னும் சில வாரங்களில் நாங்கள் வெளியே போய்விடுவோம். கேம்பஸ் இன்டர்வியூவில் என் பெயரைப் பார்க்கும் கம்பெனிக்காரர் இந்த மலரையும் பார்த்தால் பார்க்கட்டும். வயரிங் தெரியுமா, ஸ்டார்ட்டர் கனெக்‌ஷன் கொடுக்கத் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்பேன். வேறு ஏதாவது கேட்டால், அதற்கும் உள்ளதையே சொல்வேன்.

சந்தேகம் உள்ளவர்கள் ஹாஸ்டல் ரூமுக்கு வாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் இருப்பேன். டீ உங்கள் செலவு!