உலகக் கிண்ணத்தில் ஒளிவிட்ட வீரர்கள்

ஒரு மாலைப்பொழுதிலே எமது கல்லூரி மைதானத்தில் இல்லங்களுக்கிடையிலான உதைபந்தாட்டப் போட்டியொன்று நிறைவெய்தியது. வெற்றிக் கோலை அடித்த மாணவனைத் தோழர்கள் தோள்மீது தூக்கி ஆர்ப்பரித்தனர். நாமும் அவனையே பாராட்டினோம். அப்பந்தை அவன் காலடியிற் கொண்டுவந்து சேர்த்த மாணவனோ ஓரமாக அமர்ந்து தன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனருகே சென்றபோது, "ஐயா, கோல் அடியாதவனை யார் நினைப்பார்?" என்றான். அவ்வினாவுக்கு அன்று தக்க விடை கூற எமக்கு இயலவில்லை. அவ்விடையை ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

இதற்கு நல்ல சான்றாவது 1958 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியாகும். யூன் 8 முதல் 29 வரை 16 நாடுகள் அங்கே பொருதின. இறுதியாட்டத்திலே பிறேசில் சுவீடனை 5-2 என வென்று, முதன்முறையாகக் கிண்ணத்தைத் தனதாக்கிற்று.

கோற்கணக்கு ஒன்றே அளவுகோலாயின், அப்போட்டியின் முதல்வர் பிரான்சு நாட்டவரான ஜுஸ்ட் பொன்டேன் ஆவார். இரவல் பெற்ற சப்பாத்துடன் ஆடிய அவர், 6 ஆட்டங்களில் 13 கோல்கள் அடித்தார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மாத்திரம் மேற்கு ஜேர்மனிக்கு எதிராக 4 கோல்கள் அடித்தார். ஒரே உலகக் கிண்ணப் போட்டியில் இத்தொகையை எய்தியவர் 2022 ஆம் ஆண்டுப் போட்டி வரையும் வேறொருவர் இலர். ஆயினும் அவருக்குத் துணைநின்றவர் றேமன் கோப்பா என்பதை மறத்தலாகாது. எதிரணியினரைத் தம்பால் ஈர்த்து, இடைவெளி தோன்றிய கணத்திலே பந்தைத் தோழரின் பாதையில் விடுத்தல் கோப்பாவின் வித்தை. அவ்வாண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த வீரருக்குரிய தங்கப் பந்து விருது 13 கோல் அடித்தவருக்கன்று, கோப்பாவுக்கே கிடைத்தது.

இனிப் பிறேசில் அணியை நோக்குவோம். பெலே என்னும் பதினேழு வயது இளைஞரை உலகம் கண்டுகொண்டது அங்கேதான். முதலிரண்டு ஆட்டங்களில் இறங்காத அவர், பின்னர் ஆடிய நான்கில் 6 கோல்கள் அடித்தார். இறுதியாட்டத்தில் பந்தை மார்பில் ஏந்தி, எதிர்த்து வந்தவரின் தலைக்கு மேலாகத் தூக்கி, அது நிலத்திற் படுமுன்னரே உதைத்து வலைக்குள் அனுப்பிய திறன் இன்றும் பேசப்படுகின்றது.

அவரோடு அணியிற் சேர்ந்த கரிஞ்சாவின் கால்கள் வளைந்தவை. அவர் அப்போட்டியில் ஒரு கோலேனும் அடித்தாரல்லர். எனினும் இறுதியாட்டத்தில் வாவா அடித்த இரு கோல்களும் வலப்பக்க ஓரத்திலிருந்து கரிஞ்சா கொணர்ந்து வழங்கிய பந்துகளாற் பிறந்தவையே.

இவர்கள் யாவரினும் மேலாக, அப்போட்டியின் தலைசிறந்த வீரர் எனத் தெரிந்தெடுக்கப்பட்டவர் டிடி என்பவர். அவர் அடித்த கோல் ஒன்றே ஒன்று! இறுதியாட்டத்தின் 4 ஆவது நிமிடத்திலே சுவீடன் கோல் அடித்ததும் பிறேசில் வீரர் கலங்கினர். டிடியோ பந்தைக் கையிலெடுத்து, பதற்றமின்றி மெல்ல நடந்து மைதானத்தின் நடுவே கொண்டுவந்தார். அந்நடையே தோழர்க்கு அறிவுரையாயிற்று. ஐந்து நிமிடங்களில் கோற்கணக்கு சமமாயிற்று.

கோல் அடிக்கும் வாய்ப்பே இல்லாத ஒருவரையும் குறிப்பிடல் வேண்டும். வட அயர்லாந்தின் கோல் காப்பாளர் ஹறி கிறெக், 1958 பெப்ரவரி 6 ஆம் நாள் மியூனிக் நகரில் விபத்துக்குள்ளான விமானத்தில் இருந்தவர். தப்பியபின்னும் சிதைந்த விமானத்துக்குள் மீண்டும் புகுந்து, ஒரு தாயையும் குழந்தையையும் பிறரையும் மீட்டார். நான்கு மாதங்களின்பின் சுவீடனில் ஆடி, போட்டியின் சிறந்த கோல் காப்பாளர் எனப் பெயர் பெற்றார்.

தமிழ் கற்பிக்கும் நாம் இலக்கணத்தைத் துணைக்கழைத்தல் இயல்பே. பயனிலை வந்தபின்னரே வாக்கியம் முடிவுறும். ஆயினும் பயனிலை மாத்திரம் வாக்கியமாகாது. கோல் அடிப்பவன் பயனிலை. அவனுக்கு முன் நிற்கும் சொற்கள் யாவும் பொருளைச் சுமந்து வந்தவை.

எமது கல்லூரியின் வரலாறும் அத்தகையதே. விருதுப் பலகைகளிற் பெயர் பொறிக்கப்பட்டோர் சிலர். அவர்க்குப் பந்தைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றோர் பலர். இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர்கள் அவர்களையும் ஒருகணம் நினைப்பாராக.

அன்று வினாவிய மாணவனே, உன்னை யார் நினைப்பார் என்றாய். ஆட்டத்தை அறிந்தவர் நினைப்பார். அன்று அறியாதிருந்த நாமும் இன்று நினைக்கின்றோம்.