பாயும் புலிச் சின்னம்! அசலா? போலியா?

நம் ராணுவ வீரர்களுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை ஆவடியில் இருக்கிறது. சீருடையில் உள்ள சின்னத்தைப் பார்த்தால் போதும். வீரர் எந்தப் படை என்று தெரிந்துவிடும்.

ஜெர்மன் சீருடை அணிந்த இந்தியப் படையும் ஒன்று இருந்தது!

2-வது உலகப் போரில், பிரிட்டிஷ் படையில் இருந்த இந்திய வீரர்கள் பலர் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டனர். 1941-ல் பெர்லின் சென்ற நேதாஜி, இத்தகைய கைதிகளைக் கொண்டு ஒரு படை அமைத்தார். சுமார் 3 ஆயிரம் பேர் சேர்ந்தனர்.

அவர்களின் சட்டைக் கையில் துணிச் சின்னம் இருந்தது. காவி, வெள்ளை, பச்சை நிறங்கள். நடுவே பாயும் புலி! மேலே ஜெர்மன் மொழியில் "சுதந்திர இந்தியா" என்ற எழுத்து.

போர்ச் சின்னம் சேகரிப்போர் இதை இன்று தேடி அலைகிறார்கள். அதனால் போலிகளும் புறப்பட்டுவிட்டன!

கண்டுபிடிப்பது எப்படி?

புற ஊதா விளக்கைக் காட்டுவது ஒரு சோதனை. நூல் பளிச்சென்று ஒளிர்ந்தால் சந்தேகம்தான். துணிக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் போருக்குப் பிறகே பரவியது.

ஆனால் இன்றைய சோப்புத்தூளில் துவைத்தால் பழைய துணியும் ஒளிரும்! ஒளிராத நூலில் செய்த போலியும் உண்டு.

ஆகவே, சின்னம் யார் கையில் இருந்து யார் கைக்கு வந்தது என்று கேட்க வேண்டும். அதை எழுதி வைக்காவிட்டால், தாத்தா அணிந்த அசல் சின்னமும் பேரன் கையில் வெறும் துணித்துண்டுதான்!