காற்றாலைக்குப் பக்கத்தில் படுத்துறங்குபவர்கள்

மன்னார் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. இலங்கை மின்சார சபையின் 'தம்பபவனி' திட்டம் அது. 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. இன்னும் காற்றாலைகள் வேண்டாம் என்று 2025 ஓகஸ்டில் மக்கள் வீதிக்கு இறங்கியபோது மீன்பாடு, வெள்ளம், பறவைகள் பற்றி நிறையப் பேசப்பட்டது. பக்கத்தில் குடியிருப்போரின் உடல்நலம் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பயத்தைப் பார்ப்போம். காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வொலி தலைச்சுற்றையும் நெஞ்சுப் படபடப்பையும் தரும் என்பார்கள். சத்தம் தாங்காத 37 பேரை சிட்னியில் 72 மணித்தியாலம் அத்தகைய ஒலிக்குள் வைத்துப் பார்த்தார்கள். உறக்கம், இதயம், மூளை எதிலும் மாற்றம் தெரியவில்லை என்று 2023இல் முடிவு வெளியானது. வலிப்பு வருமா என்றும் கேட்கிறார்கள். இறக்கைகளின் நிழல் செக்கனுக்கு ஒருதரம்கூட வெட்டாது. வலிப்பைத் தூண்ட அந்த வேகம் போதாது. ஆனாலும், வீட்டுக்குள் விழுந்து விழுந்து மறையும் நிழல் சினமூட்டும்தான்.

காதுக்குக் கேட்கும் சத்தம் வேறு விடயம். இரவில் நிலமட்டத்தில் காற்று அடங்கி ஊர் அமைதியாகும். உயரத்திலோ காற்று வீசிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் இறக்கையின் 'உஷ், உஷ்' எடுப்பாகக் கேட்கும். கனடாவின் சுகாதாரத் திணைக்களம் 1,238 பேரிடம் செய்த ஆய்வின் முடிவை 2014இல் வெளியிட்டது. சத்தம் நேரடியாக நோயைத் தருவதாக அதில் தெரியவில்லை. ஆனால் சத்தம் கூடக் கூட எரிச்சல் கூடியது. எரிச்சல்பட்டவர்களிடம் ஒற்றைத் தலைவலி, மன அழுத்தம், உறக்கக் குறைவு பற்றிய முறைப்பாடுகள் அதிகமிருந்தன.

நெதர்லாந்து ஆய்வொன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. காற்றாலையால் வருமானம் பெற்றவர்கள் அதே சத்தத்துக்குள் இருந்தும் அநேகமாக எரிச்சல்படவில்லை. அப்படியானால், வருமானமும் இல்லாமல், இடம் தெரிவு செய்யும்போது ஒரு வார்த்தையும் கேட்கப்படாமல் இருக்கும் வீட்டுக்காரருக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும்? ஷெல்லுக்கும் கிபிருக்கும் காதுகொடுத்தபடி படுத்த சனம் இது. இரவுச் சத்தத்தை இவர்களிடம் அற்ப விடயமாகப் பேச முடியாது.

பகலும் இரவும் சேர்த்த சராசரி 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் ஐரோப்பாவுக்குப் பரிந்துரைத்தது. இரவுக்கெனத் தனி எல்லை வைக்கச் சான்றுகள் போதவில்லை என்றும் சொன்னது. ஆகவே அடுத்த திட்டத்தோடு அதிகாரிகள் வரும்போது, கோபுரம் எழும்ப முன்னரும் பின்னரும், இரவில், எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துச் சத்தத்தை அளந்து தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்கலாம்.