திரும்பலாம் என்று யார் சொல்வது?

அமெரிக்கத் தென்மேற்கின் பாலைநில மலைகளில் பல, ஒரே பகலில் ஏறி இறங்கக் கூடியவை. மலைத்தொடர்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காக, ஒன்றுக்கொன்று இணையாக நீண்டு கிடக்கின்றன. இடையில் தட்டையான வறண்ட பள்ளத்தாக்குகள். நிலத்தின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டு விரிந்தபோது பிளவுகளின் ஓரம் ஒரு பக்கம் உயர்ந்தது, மறுபக்கம் அமிழ்ந்தது. அதனால் இந்த மலைகளுக்கு அடிவாரக் குன்றுகள் அதிகம் இல்லை. வண்டி நிற்கும் இடத்திலிருந்தே ஏற்றம் தொடங்கிவிடும். மறைக்க மரமும் இல்லாததால் உச்சி முதலிலேயே கண்ணில் படும். காற்றில் ஈரம் குறைவு, பார்வை தெளிவு. தொலைவில் இருப்பதும் கைக்கெட்டும் தூரம் போலத் தோன்றும். பாலையில் நடப்பவர்கள் நேரத்தைத் தப்பாகக் கணக்கிடுவது இங்கிருந்தே ஆரம்பமாகிறது.

இந்த மலைகளைத் தேடிப் போவது ஒரு தனி வழக்கமாக உருப்பெற்றது 1941இல். அந்த ஆண்டு சியரா கிளப் என்ற அமைப்பின் தெற்குக் கலிபோர்னியக் கிளையில் பாலைச் சிகரங்களுக்கென்றே ஒரு பிரிவு தோன்றியது. அதற்கு வித்திட்டவர் செஸ்டர் வெர்ஸ்டீக். சில சிகரங்களோடு தொடங்கிய அதன் பட்டியல் இன்று நூற்றை நெருங்குகிறது. உச்சியில் கல் குவியலுக்குள் ஒரு டப்பா, டப்பாவுக்குள் ஒரு நோட்டு, ஒரு பென்சில். ஏறியவர் பெயரும் தேதியும் எழுதிவிட்டு இறங்குகிறார். அழகான வழக்கம்தான். ஆனால் பட்டியல் என்று ஒன்று வந்தபின், உச்சிக்கு அரை மணி முன்னால் திரும்பியவருக்கு எழுத இடமில்லை.

பட்டியலைப் பற்றிக் கவலைப்படாத பெருங்கூட்டம் நகரத்து மலைகளில்தான் ஏறுகிறது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகருக்கு நடுவே கேமல்பேக் மலை, ஒட்டகம் மண்டியிட்ட தோற்றத்தில், சுமார் 825 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. எக்கோ கேன்யன் பாதை வழியாக இரண்டு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 390 மீட்டர் ஏற வேண்டும். செங்குத்தான இடங்களில் கைப்பிடிக் கம்பி உண்டு. பக்கத்தில் பியெஸ்டேவா சிகரம். 2003இல் இராக்கில் உயிரிழந்த ஹோப்பி இனத்துப் படைவீரர் லோரி பியெஸ்டேவாவின் பெயர் அது. வேலைக்குப் போகும் முன் ஏறிவிட்டு வருபவர்கள், ஊர் சுற்ற வந்தவர்கள், பந்தயம் கட்டிய கல்லூரி நண்பர்கள் என எல்லோரும் ஒரே பாதையில் போகிறார்கள். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் வெப்பம் தொடர்ந்து 31 நாட்கள் 110 பாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸை, எட்டியது அல்லது தாண்டியது. கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் இந்த இரு மலைகளின் முக்கியப் பாதைகளையும் பகலில் மூடிவைக்கும் நடைமுறை 2021 முதல் இருக்கிறது.

பாதைகள் அடிப்படையில் இரண்டு வகை. போன வழியே திரும்புவது ஒன்று. சுற்றி வந்து தொடங்கிய இடத்தையே சேர்வது மற்றொன்று. சுற்றுப் பாதையிலும் வேறுபாடு உண்டு. பியெஸ்டேவாவில் ஃப்ரீடம் டிரெயில் என்ற ஆறு கிலோமீட்டர் பாதை சிகரத்தின் இடுப்பைச் சுற்றி வருகிறது. திருவண்ணாமலைக் கிரிவலம் போல, மலையைப் பார்த்துக்கொண்டே மலையில் ஏறாமல் வரலாம். முகட்டுச் சுற்று அப்படியல்ல. அது ஒரு வறண்ட ஓடை வழியாக ஏறி, மலையின் முதுகெலும்பின் மேலேயே பல சிறு உச்சிகளைத் தாண்டி, வேறொரு ஓடை வழியாக இறங்கும்.

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் போன வழியே திரும்பும் பாதையையும் முகட்டுச் சுற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரயன் மலைக்குப் போய்வர சுமார் ஐந்து கிலோமீட்டர், 320 மீட்டர் ஏற்றம். போன வழியே திரும்புவது. பூங்காவின் வடமேற்கு மூலையில் பிளாக் ராக் பகுதியிலிருந்து புறப்படும் பனோரமா லூப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். முதலில் ஓடை மணலில் கால் புதையப் புதைய நடை, பிறகு ஜோஷுவா மரங்கள் குறைந்து, பின்யன் பைனும் ஜூனிபரும் தென்படும் உயரம், அதன்பின் முகடு. தெற்கே கோச்செல்லா பள்ளத்தாக்கு, அதற்கப்பால் சான் ஹசிண்டோ மலை, வானம் தெளிந்திருந்தால் சால்டன் கடலும். நண்பர்கள் கூட்டமாகப் போவதற்குச் சுற்றுப் பாதையைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் எளிது: ஒரே காட்சியை இரண்டு முறை பார்க்க வேண்டியதில்லை. படங்களும் இரட்டிப்பாகக் கிடைக்கும்.

ஆனால் சுற்றுப் பாதையின் கணக்கு ஏமாற்றுவது. போன வழியே திரும்பும் பாதையில் எந்த இடத்தில் நின்றாலும் திரும்பும் தூரம் நடந்து முடித்த தூரமே. அதன் கல்லும் மேடும் கால்களுக்குத் தெரியும். சுற்றில் பாதியைத் தாண்டியதும் முன்னே போவதுதான் குறுகிய வழி என்றாகிவிடுகிறது. பத்து கிலோமீட்டர் சுற்றில் ஆறாவது கிலோமீட்டரில் ஒருவர் தளர்ந்தால், திரும்ப ஆறு, முன்னே நான்கு. யாரும் நான்கைத்தான் சொல்வார்கள். அந்த நான்கில் இன்னும் மூன்று உச்சிகள் இருக்கலாம், சரளைச் சரிவு இருக்கலாம், வெயில் உச்சியில் இருக்கலாம். கிலோமீட்டர் குறைவு, மணி நேரம் அதிகம். அதற்கு மேல், அந்தப் பகுதி இன்னும் யாரும் பார்க்காதது.

அதனால் எந்தத் திசையில் சுற்றுவது என்பது சாதாரணக் கேள்வியல்ல. செங்குத்தான, கைவைத்து ஏற வேண்டிய பகுதி முதல் பாதியில் வரவேண்டும். அங்கே முடியவில்லை என்றால் தெரிந்த வழியே இறங்கிவிடலாம். நிழலில்லாத முகடு காலையில் முடிந்துவிட வேண்டும். பிற்பகலுக்கு அகன்ற, வழி தவற முடியாத இறக்கம் மிஞ்சட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எளிய பக்கத்தில் பேசிச் சிரித்துக்கொண்டே ஏறி, கடினமானதைக் களைத்த காலுக்கும் காலித் தண்ணீர்ப் பைக்கும் விட்டுவைக்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்கும் சுற்றில் மாறுகிறது. பாலைப் பூங்காக்கள் பொதுவாகச் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது ஏறத்தாழ நாலு லிட்டர். முதுகில் நாலு கிலோ. கடும் வெயிலில் ஏறும் உடல் மணிக்கு ஒரு லிட்டர் வியர்க்கக் கூடும். வறண்ட காற்றில் அது உடனே ஆவியாகிவிடுவதால் சட்டை நனையாது, வியர்த்ததே தெரியாது. கழுத்தில் படியும் வெள்ளை உப்புதான் அடையாளம். உப்புச் சேராமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனாலும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து குழப்பமும் வாந்தியும் வரும். பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்பு என்ற பழைய விதி, போன வழியே திரும்புபவர்களுக்கானது. காலைக் குளிரில் குடித்த பாதி, நடுப்பகலில் குடிக்க வேண்டிய பாதிக்குச் சமமாகாது. சுற்றின் நடுப்புள்ளியை எட்டும்போது மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் கையில் இருந்தால்தான் முன்னே போகலாம் என்று வைத்துக்கொள்வது பொருத்தம்.

இவை எல்லாம் கூட்டத்தில் வரும் பெரும்பாலோருக்குத் தெரிந்தவை. தெரிந்தும் ஏன் திரும்புவதில்லை என்பதே உண்மையான கேள்வி. அதற்கு விடை வெயிலில் இல்லை, நட்பில் இருக்கிறது.

நாலைந்து நண்பர்கள் மலையேறும்போது எவரும் தலைவர் அல்ல. அழைத்தவர் ஒருவர், வண்டி ஓட்டியவர் ஒருவர், செல்போனில் வரைபடம் வைத்திருப்பவர் இன்னொருவர். முடிவெடுக்கும் பொறுப்பு எல்லோருக்கும் பொது. ஆகவே யாருக்கும் இல்லை. வேகமாக நடப்பவர்கள் முன்னே போய் ஒரு பாறை நிழலில் காத்திருக்கிறார்கள். மெதுவாக வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "வந்தாச்சா, போலாமா?" என்று எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கே ஓய்வில்லை. மூன்று முறை இப்படி நடந்தபின் "எப்படி இருக்கே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்வார்? தன்னால் நாலு பேருடைய விடுமுறை கெட்டது என்ற பேச்சுக்கு அஞ்சுகிறார். மற்றவர்களிலும் இரண்டு பேர் மனத்துக்குள் திரும்ப விரும்பலாம். ஆனால் யாரும் சொல்லாததால், எல்லோரும் தொடர விரும்புவதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்கம்மன், அமெரிக்காவில் நடந்த 700க்கும் மேற்பட்ட விபத்துகளைப் பார்த்து, அனுபவசாலிகளும் விழும் சில மனப்பொறிகளை 2000களின் தொடக்கத்தில் வகைப்படுத்தினார். பழகிய இடம் என்ற துணிவு, எடுத்த முடிவை விடாத பிடிவாதம், கூட இருப்பவர்களிடம் நல்ல பெயர் எடுக்கும் ஆசை, அனுபவம் உள்ளவர் என்று ஒருவரை நம்பி விட்டுவிடுவது ஆகியவை அவற்றில் சில. பாலையில் பனிச்சரிவு இல்லை என்பதைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. 'அனுபவசாலி' என்பவர் பல சமயம் அந்தப் பாதையில் ஒருமுறை, அதுவும் டிசம்பரில், போய்வந்தவராக இருப்பார். தனியாகப் போவதைவிடக் கூட்டமாகப் போவதே பாதுகாப்பு என்போரும் உண்டு. கால் சுளுக்கினால் தூக்கிவர ஆள் வேண்டும் என்பது சரியான வாதமே. ஆனால் தனியாகப் போகிறவர் தன் உடலின் பேச்சை மட்டும் கேட்டால் போதும்.

வெப்பத் தாக்குதலின் முதல் அறிகுறிகளில் ஒன்று தீர்மானிக்கும் திறன் மங்குவது. எரிச்சல், சம்பந்தமில்லாத பதில், கால் இடறல். உடலின் உள்வெப்பம் 40 செல்சியஸைத் தாண்டும்போது அந்த ஆள் தனக்கு ஒன்றுமில்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடும். எனவே "நீயே சொல்லு, திரும்பணுமா?" என்ற மரியாதையான கேள்வி, பதில் சொல்லும் நிலையிலேயே இல்லாத ஒருவரிடம் போய் நிற்கிறது.

இதற்குப் பயன்படும் ஏற்பாடுகள் வண்டியிலிருந்து இறங்கும் முன்பே செய்யப்பட வேண்டியவை. திரும்பும் நேரம் கடிகாரத்தில் குறிக்கப்படும்: பத்தரை மணிக்கு முகட்டின் இந்த உச்சியில் இல்லையென்றால், எங்கிருந்தாலும் வந்த வழியே இறக்கம். அப்போது திரும்பச் சொல்வது கடிகாரம்தான், ஆளல்ல. மெதுவாக நடப்பவர் முன்னே நடப்பார். ஒருவர் திரும்பலாம் என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்புவார்கள். கூட்டம் பிரிவதற்கு இடமில்லை; குறிப்பாக ஓடைகள் சேரும் இடங்களில், இறங்கும்போது ஒன்றாகச் சேரும் ஓடை ஏறும்போது இரண்டாகப் பிரியும், முன்னே போனவர் எந்தக் கிளையில் போனார் என்பதை மணல் சொல்லாது. வண்டிச் சாவி வேகமாக நடப்பவரிடம் இருக்கக் கூடாது என்பதும் அற்ப விஷயமல்ல.

உயரமான பாலைச் சிகரங்களில் சிக்கல் வேறு விதம். டெத் வேலி தேசியப் பூங்காவில், பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் டெலஸ்கோப் சிகரம் 3,360 மீட்டருக்கும் அதிகம். கீழே பேட்வாட்டர் உப்புத்தரை கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. மஹோகனி ஃப்ளாட்டிலிருந்து முகட்டை ஒட்டியே உச்சிக்குப் போய்வர 22 கிலோமீட்டருக்கு மேல். கீழே அடுப்பாகக் கொதிக்கும் நாளில் மேலே காற்று குளிரும். குளிர்காலத்தில் உறைபனி மூடும், பனிக்கோடரி இல்லாமல் ஏறுவது சரியல்ல. அதே பூங்காவின் தாழ்வான கோல்டன் கேன்யன் – கவர் கல்ச் சுற்றில் வெயில் மாதங்களில் காலை பத்து மணிக்குப் பின் நடக்க வேண்டாம் என்பதே அறிவுரை. 1913 ஜூலை 10 அன்று 56.7 செல்சியஸ் பதிவான பள்ளத்தாக்கு இது.

நவம்பர் முதல் மார்ச் வரை தாழ்ந்த பாலைகளுக்கு ஏற்ற பருவம். பகல் குட்டை என்பதால் ஆளுக்கொரு தலைவிளக்கு தேவை. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிவு வரை அரிசோனாவில் மழைப்பருவம். பிற்பகல் இடி முகட்டில் நிற்பவரைத் தேடி வரும், எங்கோ பெய்த மழை வறண்ட ஓடையில் வெள்ளமாக வரும். பாறை இடுக்கில் பார்க்காமல் கைவைத்தால் ராட்டில்ஸ்நேக் பாம்பு இருக்கலாம். சோய்யா (cholla) கள்ளியின் முள் உருண்டை உரசினாலே ஒட்டிக்கொள்ளும்; விரலால் பிடுங்கினால் விரலிலும் ஏறும், சீப்பால் தள்ளிவிடுவதே வழி. காயங்கள் அதிகம் ஏற்படுவது இறங்கும்போது. சரளை உருளும், தொடை தளர்ந்திருக்கும், கவனம் சாப்பாட்டுக்குப் போயிருக்கும்.

மலை மடிப்புகளில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. அதனால் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு முன்கூட்டியே செய்தி போக வேண்டும்: எந்தப் பாதை, எந்தத் திசையில் சுற்று, வண்டி நிற்கும் இடம், போனவர்களின் எண்ணிக்கை, எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் 911க்குத் தெரிவிப்பது.