மூச்சு வாங்கிய மேடு எளிதாவது ஏன்?

சைக்கிள் ஓட்டத் தொடங்கிய புதிதில் ஒரு மேம்பாலம் ஏறினாலே மூச்சு வாங்கும், தொடை கடுக்கும். விடாமல் ஓட்டினால், சில மாதங்களில் அதே பாலத்தைப் பேசிக்கொண்டே ஏறிவிடலாம். எப்படி?

முதலில் மாறுவது இரத்தம். ஓரிரு வாரங்களுக்குள் அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் அதிகமாவதால், ஒவ்வொரு துடிப்பும் கூடுதல் இரத்தத்தை வெளித்தள்ளுகிறது. ஓய்வாக இருக்கும்போது உடலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் தேவை. ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் என்றால் இதயம் 71 முறை துடிக்க வேண்டும். 85 மில்லிலிட்டர் என்றால் 59 முறை போதும்.

தசைக்குள் நடப்பது இன்னும் வியப்பானது. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அங்கே பெருகுகிறது. 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹோலோசி எலிகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்து, அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரிய நொதிகளின் செயல்பாடு ஏறக்குறைய இரு மடங்காவதைக் காட்டினார். தசை இழைகளைச் சுற்றி இரத்த நுண்குழாய்களும் கூடுகின்றன. கொழுப்பு அதிகம் எரிகிறது. கடும் உழைப்பின்போது தசையில் உருவாகும் லாக்டேட் சேர்வது தாமதமாகிறது.

இந்த முன்னேற்றத்தை அளக்க வேகத்தை மட்டும் பார்ப்பவர்கள் வீணாக மனம் தளர்கிறார்கள். காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 25 ஆவதற்கே அந்தத் திறன் கிட்டத்தட்ட இரு மடங்காக வேண்டும். அதே பாதையில், அதே வேகத்தில் நாடித்துடிப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே நம்பத்தக்க அளவுகோல். ஆனால் பயிற்சியை நிறுத்தினால், கூடிய பிளாஸ்மா சில வாரங்களிலேயே குறைந்துவிடும்.