மறைந்திருக்கும் காளான் – 7: கரிக்குள் வெள்ளை வட்டம்

புறா எச்சத்திலிருந்தும் மரப்பொந்திலிருந்தும் காற்றில் ஏறும் கிரிப்டோகாக்கஸ் என்ற காளான், நுரையீரல் வழியாக மூளையுறைக்குப் போன கதையைப் போன வாரம் சொல்லியாயிற்று. எச்.ஐ.வி.யால் சிடி4 அணுக்கள் 100-க்குக் கீழே இறங்கியவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கிறது என்பதும் நினைவிருக்கும். இந்த வாரம் மருந்து என்று சொல்லியிருந்தேன். வருகிறேன். அதற்கு முன் மையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நாளை காலை கட்டுரை போய்ச் சேர வேண்டும். நேற்று சாயங்காலம் தேனியில் ஒரு லேப் டெக்னீஷியன் தன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். அப்போதிருந்து வேறெதுவும் ஓடவில்லை. படம் முழுக்க அமாவாசை இருட்டு. அங்கங்கே பளீரென்று வெள்ளை வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் கடுகு போல ஓர் ஈஸ்ட். ஒன்றிரண்டில் தாயை ஒட்டிக்கொண்டு ஒரு குட்டியும் இருந்தது.

செய்முறை மிகச் சின்னது. நோயாளியின் முதுகில் எடுத்த நீர் ஒரு சொட்டு, இந்தியா இங்க் ஒரு சொட்டு, மேலே மூட ஒரு மெல்லிய கண்ணாடி. இந்தக் காளான் தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சரங்களால் கொழகொழவென்று ஓர் உறை கட்டிக்கொள்கிறது. நம் வெள்ளணுக்கள் விழுங்க முடியாமல் வழுக்குவது அந்த உறையால்தான். மையிலுள்ள கரித்துகளும் அதற்குள் நுழைய முடியாது. அதனால் எது அதற்குக் கவசமோ அதுவே வெள்ளை வட்டமாகக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அந்த மை என்பது வேறொன்றுமில்லை, விளக்குக் கரி. சீனர்கள் கண்டது, இந்தியா வழியாக நடந்த வணிகத்தால் ஆங்கிலத்தில் அதற்கு நம் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் அதையே 'சீன மை' என்கிறார்கள். எங்கள் அப்பத்தா கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்து, திரி திரித்து, விளக்கெண்ணெயில் எரியவிட்டு, கவிழ்த்த பித்தளைத் தட்டில் படிந்த கரியை வழித்துக் கண்மை செய்வார். ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய பள்ளத்துக்குள் நம் முன்னோர் தேய்த்ததும் கரிதான். ஏட்டில் கரி போய் உட்கார்ந்த இடம் எழுத்து. இந்தக் கண்ணாடியிலோ கரி போக முடியாத இடம்தான் எழுத்து. இதை நினைத்து நினைத்து ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

ஆனால் மை எல்லாரையும் பிடித்துவிடாது. கிருமி குறைவாக இருந்தால் தப்பிவிடும். அதற்கு இப்போது கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரி ஒரு பட்டை வந்திருக்கிறது. அதே உறையிலிருந்து உதிரும் துணுக்குகளைப் பத்தே நிமிடத்தில் கோடாகக் காட்டும். ரத்தத்திலேயே பார்க்கலாம், தலைவலி தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே துணுக்குகள் ரத்தத்தில் வந்துவிடுகின்றன. சிடி4 குறைந்தவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே இதைப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தத்தில் தெரிந்தால் அடுத்தது முதுகு நீர். அது தெளிவாக, அணுக்கள் குறைவாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பு சண்டையே போடாது. பிறகு நீர் எப்படிக் கலங்கும்? கழுத்து விறைப்புகூடப் பலருக்கு வருவதில்லை. இரண்டு வாரமாக விடாத தலைவலி, வாந்தி, ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது, இவ்வளவுதான் இருக்கும். கிட்னி மாற்றியவர்களும் நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"முதுகுல ஊசி குத்துனா காலு விழுந்துருமாம்ல?" உத்தமபாளையம் பஸ்ஸில்கூட இதைக் கேட்டிருக்கிறேன். இந்தப் பயத்தால் கையெழுத்துப் போடாமல் நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. விழாது. தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதல் இரண்டின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, வெறும் நீரும் நரம்பிழைகளும் இருக்கும் இடத்தில். வலிப்போ ஒரு பக்கச் செயலிழப்போ இருந்தால் முதலில் தலையை ஸ்கேன் எடுத்துவிடுவார்கள். இன்னொன்று, இந்த நோயில் அந்த ஊசியே ஒரு வைத்தியம். காளான் அடைத்து நீர் வடிய வழியில்லாமல் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. கண் பார்வை போவதும் உயிர் போவதும் பெரும்பாலும் அதனால்தான். ஊசியோடு செருகிய குழாயில் நீர் 25 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால், 20, 30 மில்லி வடித்துவிடுவார்கள். மண்டை பிளந்துவிடும் போலக் கத்தியவர் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்பார். தேவைப்பட்டால் தினமும் வடிக்க வேண்டும். தயவுசெய்து மறுக்காதீர்கள்.

இனி மருந்து. ஆம்போடெரிசின்-பி, 1950-களில் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. காளானைக் கொல்லும்; கிட்னியையும் படுத்தும், பொட்டாசியத்தையும் இறக்கும். அதைக் கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்த வடிவம் அவ்வளவு படுத்துவதில்லை. ஆப்பிரிக்காவில் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில் அந்த வடிவத்தைக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே தடவை ஏற்றி, ஃப்ளுசைட்டோசினும் ஃப்ளுகோனசோலும் இரண்டு வாரம் கொடுத்தார்கள். பத்து வாரத்தில் இறந்தவர்கள் இந்த முறையில் 24.8 சதவீதம், பழைய முறையில் 28.7. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இதையே முதல் தேர்வாக்கியது. பிறகும் பல மாதம் ஃப்ளுகோனசோல் மாத்திரை உண்டு. இதில் ஒரு முக்கியமான நிதானம்: எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை உடனே தொடங்கக் கூடாது, 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் திடீரென்று விழித்த எதிர்ப்புச் சக்தியின் கொந்தளிப்பை மூளை தாங்காது.

ஃப்ளுகோனசோலைப் பற்றி ஒரு வாரம் முழுக்க எழுதலாம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டித் திராட்சைப் பந்தல்காரர்கள் தங்கள் மருந்து டப்பாக்களை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். சாம்பல் நோய்க்கு அடிக்கும் ஹெக்ஸாகோனசோல், டைஃபெனோகோனசோல் எல்லாவற்றுக்கும் அதே 'கோனசோல்' வால்தான். வார்டில் கொடுக்கும் மாத்திரையும் பந்தலில் அடிக்கும் மருந்தும் ஒரே குடும்பம் என்றால், பந்தலில் வாழும் காளான்கள் எதைப் பழகிக்கொள்கின்றன? அடுத்த வாரம் அங்கே போகிறேன்.